கல்யாணத்தன்று நான் வாயைத் திறப்பது பற்றி

கண்ணு,

இங்கே மாவு மில்லும் ஓடுகிறது, உன் அப்பாவும் ஓடுகிறார். இரண்டில் மில்லுக்குத்தான் சத்தம் அதிகம். நீயும் நீ கட்டிக்கொள்ளப்போகிற சிசோமோவும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்குப் பதில் இது. "கல்யாணத்துக்கு வா, நல்லா சாப்புடு, போட்டோவுக்கு நில்லு. ஆனா தயவுசெஞ்சு அவங்க பாஷையில மட்டும் வாயத் தெறக்காதம்மா. என்ன வேணுமோ எங்கிட்ட சொல்லு, நான் இங்கிலீஷ்ல சொல்லிக்கறேன்" என்றாய். நான் பதில் சொல்ல ஆரம்பித்ததும் "நெட் சரியில்லம்மா" என்று வைத்துவிட்டாய். காரிமங்கலத்திலும் நெட் போகும், மலாவியிலும் போகும். ஆனால் நான் பேச வாயெடுக்கும் நேரம் பார்த்துப் போகிற நெட்டை உன்னிடம்தான் பார்க்கிறேன். அதனால்தான் கடிதம். இதை நடுவில் கட் பண்ண முடியாது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. உன் அப்பா படிக்கட்டும், பொம்மிடியில் இருக்கும் உன் மாமனும் படிக்கட்டும், மருமகள் எடுக்கப்போகிற எந்த அம்மாவும் படிக்கட்டும். உனக்குத் தெரிந்ததெல்லாம் நிச்சயதார்த்தத்தன்று நான் அடித்த கூத்து மட்டும்தான். அதற்கு முன்னால் நடந்ததும் தெரியாது, பின்னால் நடந்ததும் தெரியாது. அங்கேயே இருந்துகொண்டு உனக்குத் தெரியாமல் போனதுதான் எனக்கு ஆத்திரம்.

நான் பொம்மிடியில் தமிழ் பேசும் வீட்டில் பிறந்தவள். எங்கள் கிணற்று மோட்டார் எரிந்துபோய், அதற்குப் புதுக் கம்பிச் சுருள் சுற்றிக் காயில் கட்ட வந்த உன் அப்பாவைப் பார்த்து மயங்கி, வீட்டில் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது, அது வேறு விஷயம். வந்து பார்த்தால் அடுப்படியில் என் மாமியாரும் நாத்தனார்களும் காலையில் ஆரம்பித்தால் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், இன்னொருத்தி என்னை ஒரு பார்வை பார்க்கிறாள், மறுபடியும் சிரிக்கிறார்கள். நான் நடுவில் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் உன் அப்பா வந்ததும் "என்னங்க பேசிக்கிறாங்க?" என்று கேட்பேன். அவர் நன்றாக யோசித்துவிட்டு, "ஒண்ணுமில்ல, சும்மா பேசறாங்க" என்பார். அரை நாள் பேச்சை இவ்வளவு சுருக்கமாக மொழிபெயர்க்க உன் அப்பாவால் மட்டும்தான் முடியும். ஒரு நாள் மாமியார் ஓவென்று அழுதுகொண்டிருந்தார். பதறிப்போய் "என்னங்க ஆச்சு?" என்றேன். "ஒண்ணுமில்ல, சும்மா அழுவறாங்க" என்றார். அந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

அந்த வீட்டில் எனக்குச் சோற்றுக்குக் குறைவில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் எல்லாரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் நாமும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, அதைப்போல ஒரு தனிமை கிடையாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சாக்கில் போய் அழுதிருக்கிறேன். பிறகு ரோஷம் வந்தது. யாரிடமும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல், காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு தெலுங்கு படித்தேன். ஒரு நாள் மத்தியானம் என் மாமியார் குழம்பை நக்கிப் பார்த்துவிட்டு, பொம்மிடியில் உப்பே விளையாதோ என்னவோ என்று தெலுங்கில் நாத்தனாரிடம் சொன்னார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், விளையும் அத்தை, இந்த வீட்டு உப்பைத்தான் உங்கள் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறீர்கள் என்று தெலுங்கிலேயே சொன்னேன். அகப்பை கீழே விழுந்தது. மறுநாளிலிருந்து என்னைப் பற்றிப் பேசுவதென்றால் அவர்கள் மாட்டுக்கொட்டகைக்குப் போய்ப் பேசினார்கள். ஆனால் அன்றைக்குத்தான் அது எனக்கும் வீடு ஆனது. மாமியார் சாகும்வரை ஊர் வம்பு எல்லாவற்றையும் முதலில் என்னிடம்தான் சொன்னார்.

இப்போது உன் கதைக்கு வா. நாலு வருஷமாக அந்த மலாவி நாட்டு லிலோங்வேயில் சொட்டுநீர்க் குழாய் பதித்துக்கொண்டிருக்கிறாய். அந்த ஊர்ப் பெண்ணையே விரும்பியும் விட்டாய். நானே அப்படி வந்தவள், ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. ஆனால் அவள் பாஷையில் உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், 'முலி ப்வாஞ்சி' என்று நலம் விசாரிப்பாய், 'ஸிகோமோ' என்று நன்றி சொல்வாய், அதற்கு மேல் சிரிப்பாய். கேட்டால் "இங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும்மா" என்கிறாய். உன் அப்பா வீட்டில்கூட எல்லாருக்கும் தமிழ் தெரியும், கண்ணு. தெரிந்துதான் தெலுங்கில் பேசினார்கள். சிசோமோ ஒரு நாள் என் அடுப்படியில் வந்து உட்காருவாள். நாங்கள் பேசுவது அவளுக்குப் புரியாது, அவள் முணுமுணுப்பது எனக்குப் புரியாது. நடுவில் நீ நின்றுகொண்டு, "ஒண்ணுமில்ல, சும்மா" என்று உன் அப்பா மாதிரியே மொழிபெயர்ப்பாய். அவளும் வெளியே போய் அழுவாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத்தான் இந்த வயதில் அவள் பாஷையான சிச்சேவாவைப் படிக்க உட்கார்ந்தேன்.

தர்மபுரி முழுக்கத் தேடினாலும் சிச்சேவா சொல்லித்தர ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு போட்டிருந்த இடத்தில் ஏறிக் கேட்டேன். உள்ளே இருந்த தம்பி, "அது எந்த ஸ்டேட்டுங்க?" என்றான். சரி, நம் காதே நமக்கு வாத்தியார் என்று திரும்பிவிட்டேன். முதலில் சிசோமோவே போனில் சில வார்த்தைகள் சொல்லித் தந்தாள். மில்லில் எல்லாவற்றின் மேலும் மாவுப்பொடி படிந்திருக்குமே, அதில் விரலால் ஒரு வார்த்தையைத் தமிழில் எழுதி வைப்பேன். யாராவது கேழ்வரகு கொட்டி அரைத்தால் புதுப்பொடி படிந்து வார்த்தை மறைந்துவிடும். மறைவதற்குள் மனப்பாடம் ஆகவேண்டும். மிளகாய் அரைக்கிற அன்றைக்குப் படிப்பு லீவு. மெஷின் சத்தத்தில் சொல்லிப் பழகியதால் எனக்கு அந்தப் பாஷையைக் கத்தித்தான் பேசத் தெரியும், மெதுவாகப் பேச வராது. "அக்கா, கேவுரு ஆயிடுச்சா?" என்று யாராவது கேட்டால் பழக்கதோஷத்தில் "ஸிகோமோ!" என்று அலறுவேன். இப்போது மாவு வாங்கிக்கொண்டு போகிறவர்களும் எனக்கு ஸிகோமோ சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். உன் அப்பா மட்டும், "உங்கம்மாவுக்குப் பேய் புடிச்சா வேப்பிலை அடிக்கலாம், ஆப்பிரிக்கா புடிச்சா என்னத்த அடிக்கறது?" என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

நலம் விசாரிப்பதோடு நிறுத்த எனக்கு மனசில்லை. நிச்சயதார்த்தத்தில் நாலு வார்த்தை முழுசாகப் பேசி எல்லாரையும் அசத்தவேண்டும் என்று ஆசை. அதனால் சிசோமோவிடமும் சொல்லாமல், போனில் அந்த ஊர் ரேடியோவைப் பிடித்துக் காதில் மாட்டிக்கொண்டேன். செய்தி வாசிக்கிறவர் மூச்சே விடவில்லை. பாட்டு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் தினமும் ஒரு நிகழ்ச்சி வந்தது பார், எனக்கென்றே செய்த மாதிரி. ஒரு அம்மா நிறுத்தி நிதானமாகப் பேசுவார். தினமும் அதே வாக்கியங்கள்தான், பெயர்கள் மட்டும் மாறும். இன்னாருடைய மகன் இன்னார், இன்ன ஊரில் இருக்கும் அண்ணன், இன்ன ஊரில் இருக்கும் சின்னம்மா, மாமன், மச்சான், எல்லாரும் உடனே புறப்பட்டு வரவும் என்று எனக்குப் புரிந்தது. இது என்ன? கல்யாணப் பத்திரிகை! நம் ஊரில் மாமன் பெயர் விட்டுப்போனால் மண்டபத்துக்கே வரமாட்டான் என்று பயந்து பத்திரிகையில் ஊரையே அடிக்கிறோமே, அவர்கள் அதை ரேடியோவில் வாசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பாசமான ஜனங்கள் என்று கண்ணெல்லாம் கலங்கியது. பின்னால் வருகிற பாட்டு கொஞ்சம் சோகமாகத்தான் இருந்தது. நம் ஊர்க் கல்யாண வீடியோவிலும் பெண் புறப்படும்போது அழுகைப் பாட்டுதானே போடுகிறார்கள்? புரியாத வார்த்தைகளைப் போனில் தட்டிப் பார்த்திருக்கலாமே என்று நீ கேட்பாய். காதில் கேட்டதற்கு எந்த எழுத்தைத் தட்டுவது? ஒரு வருஷத்துக்குப் பக்கமாக அதைத்தான் கேட்டேன். அந்த அம்மாவின் இழுவை, மூச்சு, நிறுத்தம் எல்லாம் அப்படியே எனக்கு வந்துவிட்டது.

நிச்சயதார்த்த நாள் வந்தது. அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளையும் பெண்ணும் வாய் திறக்கக்கூடாது, இரண்டு பக்கமும் தாய்மாமன்தான் நின்று பேசவேண்டும், நம் பக்கம் சேவல் கொடுக்கவேண்டும், அவர்கள் பக்கம் பெட்டைக்கோழி கொடுப்பார்கள் என்று நீ சொன்னதும் உன் மாமனுக்குத் தலைகால் புரியவில்லை. நம்மைப் போலவே மாமனுக்கு மரியாதை தெரிந்த ஜனம் என்று வெள்ளை வேட்டி சட்டையோடு பொம்மிடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். நாங்கள் இங்கிருந்து வீடியோவில்தான் கலந்துகொள்வதாக ஏற்பாடு, லிலோங்வேயில் நம் பக்கத்துக்கு உன் சிநேகிதன் ஒரு சேவலோடு தயாராக இருந்தான். ஆனாலும் நம் கையில் ஒன்று இல்லாமல் எப்படி என்று சந்தையில் நல்ல நாட்டுச் சேவலாகப் பிடித்துவந்து உன் மாமன் மடியில் வைத்தேன். போனை மாவு டப்பா மேல் சாய்த்து வைத்து எல்லாரும் முன்னால் உட்கார்ந்தோம். "இந்தப் பையனுக்காகப் பேச யார் வந்திருக்கிறீர்கள்?" என்று சிசோமோவின் தாய்மாமா கேட்டார். அது எனக்குப் புரிந்தது. உன் மாமனுக்கு ஒரே ஒரு வரிதான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவன் சேவலைப் பார்த்தான். சேவல் அவனைப் பார்த்தது. "டேய், சொல்லுடா" என்று விலாவில் இடித்தேன். "அக்கா, சுத்தமா மறந்துபோச்சு" என்றான். அந்தப் பெரியவர் மறுபடியும் கேட்டார். அவர் முகம் இறுகியது. பின்னால் ஆள் இல்லாத பையனுக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று அவர் முன்பே சொல்லியிருந்ததை நீதான் சொன்னாய். கோட்டு சூட்டில் நீ வாய் திறக்க வழியில்லாமல் நின்றதைப் பார்த்தேன். பெற்ற வயிறு கேட்குமா? நான் எழுந்தேன்.

ரேடியோ அம்மா எப்படிச் சொல்வாரோ அப்படியே, உறவினர்களே நண்பர்களே என்று ஆரம்பித்தேன். உன் பெயர், உன் அப்பா பெயர், ஊர், மாவட்டம், பொம்மிடி மாமன், சேலத்துச் சித்தப்பா, ஓசூர் அத்தை, மொரப்பூர்ப் பெரியம்மா, ஒருத்தரையும் விடவில்லை. எல்லாரும் உடனே புறப்பட்டு வரவும் என்று முடித்தேன். அதுவும் மில் சத்தத்துக்கு மேல் எழும்பும் என் குரலில். அங்கே ஒரு பெரியம்மா "ஐயோ" என்ற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓடிவந்து உன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒருத்தர் நாற்காலியோடு சாய்ந்தார். இந்தச் சேவல் வேறு அந்த நேரம் பார்த்துக் கூவியது. "நெட் போச்சு" என்றாய், போயே விட்டாய். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, "முடிஞ்சுதும்மா, சேவல் வாங்கிக்கிட்டாங்க" என்றாய். நான் பேசினேனே, என்ன சொன்னார்கள் என்று ஆசையாகக் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, சும்மா சிரிச்சாங்க" என்றாய். எனக்கு உன் அப்பாவின் குரல் கேட்டது.

மறுநாள் காலையில் மில்லைத் திறப்பதற்கு முன்னால் என் சம்மந்தியம்மா வீடியோவில் கூப்பிட்டார். மகளிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். எனக்காக ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினார். நீங்கள் அதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். ரேடியோவில் என்றேன். அவர் எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த அவர் வீட்டுக்காரர் போட்டோவைக் காட்டினார். கண்ணை மூடி, கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, அவர் பெயரையும் அப்படித்தான் ரேடியோவில் வாசித்தார்கள் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஒரு வருஷமாகச் சிரித்த முகத்தோடு கேட்டது எல்லாம் சாவு அறிவிப்பு. நிச்சயதார்த்தத்தன்று, பெற்ற பிள்ளை மாலை போடக் காத்திருக்கும்போது, நான் என் வாயாலேயே நீ செத்துப்போனதாக ஊரைக் கூட்டியிருக்கிறேன். வாயைக் கழுவினேன். உப்பும் மிளகாயும் எடுத்து உன் போட்டோவைச் சுற்றி அடுப்பில் போட்டேன். அதற்கும் மனசு ஆறாமல் பூசணிக்காய் வாங்கி வரச்சொல்லி நடுரோட்டில் உடைத்தேன். அத்தனைக்கும் சம்மந்தியம்மா போனை வைக்காமல், நான் அங்குமிங்கும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் அந்தப் பக்கம் அழுதுகொண்டே சிரிக்கிறார். வீட்டுக்காரர் போனதிலிருந்து அந்த நிகழ்ச்சி வந்தால் ரேடியோவை அணைத்துவிடுவாராம். அந்த ராகத்தைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தது நேற்றுத்தான் என்றார்.

அப்புறம் சொன்னார், உன் மாமனாரின் இடத்தில் நின்ற அந்தத் தாய்மாமா என்ன சொல்லிச் சேவலை வாங்கினார் என்று. அதே அறையில் நின்றுகொண்டு நீ சும்மா சிரித்தார்கள் என்று சொன்னாயே, அந்த விஷயம்தான். எல்லாரும் அடங்கியதும் அவர், "இந்தப் பையனுக்கு ஒன்று ஆகிவிட்டால் எந்தெந்த ஊரிலிருந்து யார் யார் ஓடிவருவார்கள் என்று அவன் அம்மா வரிசையாகச் சொல்லிவிட்டாள். இதற்கு மேல் என்ன ஆள்பலம் வேண்டும்? சேவலை வாங்குங்கள்" என்றாராம். உனக்குப் பெண் கிடைத்தது அந்த வார்த்தையில். உன் காதில் விழுந்து, புரியாமல் போன வார்த்தை.

அன்றிலிருந்து நானும் சம்மந்தியம்மாவும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அவர் மக்காச்சோள மாவில் ன்சிமா கிண்டுவார், நான் கேழ்வரகுக் களி கிண்டுவேன், இரண்டு போனும் அடுப்படியில் சாய்ந்திருக்கும். என் தப்பைத் திருத்துவார், சிரிப்பார், நான் கத்தினால் காதைப் பொத்திக்கொள்வார். எனக்குச் சொந்தமாக மில் இருக்கிறது என்றதும் அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு என்னைக் காட்டினார். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டு வாழ்த்தை நான்தான் அவர்கள் பாஷையில் சொல்லவேண்டும் என்று அவரும் அந்தப் பெரியவரும் முடிவு செய்து ஆயிற்று. தினமும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், இந்தத் தடவை யாரும் சாகமாட்டார்கள். ஆகவே நான் வாயைத் திறப்பேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் கல்யாணத் துணி எடுத்துவிட்டுத் திரும்பும்போது சிசோமோ உன்னிடம் அவள் பாஷையில் என்னவோ சொன்னாளாம். நீ "ஓகே, ஓகே" என்று சிரித்துவிட்டுப் போனை நோண்டினாயாம். அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா என்னிடம் சொன்னார். பயப்படாதே, கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் அது புரிந்ததும் மெஷினையே நிறுத்திவிட்டேன். அப்படி ஒரு வார்த்தையை ஒரு பெண் இங்கிலீஷில் சொல்லமாட்டாள், கண்ணு. சொந்த பாஷையில்தான் வரும். அது உனக்குச் சொன்னது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி மாவு அரைக்கிறவளுக்குப் புரிந்திருக்கிறது, பக்கத்தில் நின்ற உனக்குப் புரியவில்லை.

என்னவென்று நான் சொல்லமாட்டேன். போன் பண்ணிக் கெஞ்சினாலும் சொல்லமாட்டேன். அவளிடமே போ, அவள் பாஷையிலேயே கேள். தப்பாகப் பேசிவிடுவோமோ என்று கூச்சப்படாதே. நான் பேசிய பேச்சில் உன்னையே சாகடித்தேன், அதற்கே பெண் கொடுத்தார்கள். நீ அதைவிடப் பெரிய தப்பு என்ன பண்ணிவிடப் போகிறாய்?

உன் அம்மா